ஊசிமுனையில் ஓர் அறக்கோட்டம்



தமிழிலே 'தையல்' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள்கள் வழக்கில் உண்டு. துணியைத் தைக்கின்ற தொழிலும் தையல், பெண்ணும் தையல். வகுப்பிலே இந்தச் சொல் வரும்போதெல்லாம் பின்வாங்கில் இருக்கும் மாணவர்களிடையே ஒரு சிரிப்பு எழும். "தைக்கிறது பொம்பிளையளின்ர வேலை எண்டபடியாலோ சேர் அந்தப் பேர்?" என்று ஒருவன் கேட்பான். அப்படியன்று. தைத்தல் என்பதற்கு ஊசியால் இணைத்தல் என்ற பொருளோடு புனைதல், அலங்கரித்தல் என்ற பொருளும் உண்டு. புனைந்த அழகு காரணமாகவே அச்சொல் பெண்ணுக்கு ஆகி வந்தது என்று விளக்கிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விடுவேன். ஆயினும் உலக வரலாற்றிலே இந்த இரண்டு தையலும் ஒன்றாகக் கூடி, வாளாலும் பேனாவாலும் ஆகாத சில காரியங்களைச் செய்து முடித்த சந்தர்ப்பங்கள் உள. அவற்றுள் ஒன்றைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன்.

அதற்கு முன்னர் எமது காப்பியம் ஒன்றை நினைவூட்டிக் கொள்வோம். மணிமேகலையின் பத்தொன்பதாவது காதையின் பெயரே 'சிறைக்கோட்டம் அறக்கோட்டம் ஆக்கிய காதை' என்பது. காயசண்டிகையின் வடிவிலே பசித்தவர்க்கு உணவளித்து வந்த மணிமேகலை, அமுதசுரபியோடு புகார் நகரத்துச் சிறைச்சாலைக்குள் நுழைகிறாள். அங்கே வாடிக் கிடந்தவர்களுக்கெல்லாம் உணவிடுகிறாள். காவலர் அரசனிடம் போய்ச் சொல்கின்றனர். அரசன் அவளை அழைத்து, வேண்டுவது யாது என்று வினவ, சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றித் தரவேண்டும் என்று அவள் கேட்கிறாள். அவ்வாறே ஆகிறது.

சாத்தனாரின் இந்தக் கதையிலே ஈபவள் வெளியிலிருந்து வருகிறாள். சிறையில் இருப்போர் ஏற்பவர்கள். அவள் கையிலே எடுக்க எடுக்கக் குறையாத பாத்திரமும் இருக்கிறது. சரி, அப்படியொரு பாத்திரமும் இல்லை, வெளியிலிருந்து வருவாரும் இல்லை, சிறைப்பட்டவர்களே மற்றவர்க்கு ஈயவேண்டும் என்று நினைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். எதை ஈவது? இந்தக் கேள்விக்கு 1942 ஆம் ஆண்டிலே சிங்கப்பூரின் சாங்கிச் சிறையில் அடைபட்டிருந்த பெண்கள் ஊசியாலும் நூலாலும் விடை எழுதினார்கள்.

அவர்கள் தைத்தது ஒட்டுத்துணிப் போர்வை. குளிர் நாடுகளிலே வெட்டி எஞ்சிய துணித் துண்டுகளைச் சேர்த்துத் தைத்து மேற்புறமாக்கி, அடியிலே முழுத்துணி ஒன்றைக் கொடுத்து, நடுவிலே பஞ்சையோ பழந்துணியையோ வைத்து, மூன்றையும் ஊடுருவ ஓட்டுத்தையல் போட்டுப் போர்வையாக்குவது வழக்கம். வங்காளத்துப் பெண்கள் பழஞ்சேலைகளை அடுக்கித் தைப்பதைக் 'காந்தா' என்பர். எமது 'கந்தை' என்ற சொல்லுக்கும் அதற்கும் மூலம் ஒன்றே. கந்தையென்று நாம் கழித்து வைப்பதை அங்கே பேரப்பிள்ளைக்குப் போர்வையாகத் தைத்துக் கொடுக்கிறார்கள்.

இந்தப் போர்வை வீட்டுத் தேவையோடு நின்றுவிடவில்லை. அமெரிக்காவின் பொஸ்டன் நகரிலே அடிமை முறைக்கு எதிரான பெண்கள் சங்கம் ஒன்று 1833 இல் தோன்றியது. வாக்குரிமையற்ற அந்தப் பெண்கள் 1834 முதல் ஆண்டுதோறும் விற்பனைச் சந்தை ஒன்றை நடத்தினர். தாம் தைத்தவற்றையும் பின்னியவற்றையும் விற்று, அந்தப் பணத்தை அடிமை ஒழிப்பு இயக்கத்துக்குக் கொடுத்தனர். 1836 ஆம் ஆண்டுச் சந்தைக்கென்று தைக்கப்பட்ட தொட்டிற் போர்வை ஒன்று இன்றும் பாதுகாக்கப்படுகிறது. அதை லிடியா மரியா சைல்ட் என்ற எழுத்தாளர் தைத்ததாகக் கூறுவர். உன் குழந்தையைத் தாலாட்டும்போது, தன் குழந்தையைப் பறிகொடுக்கும் அடிமைத் தாயையும் நினைத்துக்கொள் என்ற கருத்தமைந்த வரிகள் அதன் நடுவிலே மையினால் எழுதப்பட்டுள்ளன. போர்வையை விலைகொடுத்து வாங்கியவள், குழந்தையைப் போர்த்தும் ஒவ்வொரு இரவும் அந்த வரிகளைக் காணாமல் இருக்க முடியாது.

முதலாம் உலகப் போர்க் காலத்திலே இன்னொரு முறை பரவியது. செஞ்சிலுவைச் சங்கத்துக்கு நிதி சேர்க்க விரும்பும் ஊர்ப் பெண்கள் ஒரு வெள்ளைத் துணியை எடுத்துக்கொள்வார்கள். சிறு தொகை கொடுத்தவரின் பெயர் அதிலே சிவப்பு நூலால் தைக்கப்படும். நூற்றுக்கணக்கான பெயர்கள் சேர்ந்ததும் போர்வையை ஏலம் விட்டு, அந்தப் பணமும் நிதியோடு சேரும். எமது கோயில்களிலே உபயகாரரின் பெயரைக் கல்லிலே பொறிப்பது போல, அங்கே துணியிலே பெயர் பொறித்தார்கள்.

இவையெல்லாம் வீட்டிலே இருந்தவர்கள் செய்த தருமங்கள். சிறைப்பட்டவர்கள் தைத்த கதை இவற்றினும் வேறானது. அதற்கு எலிசபெத் ஃபிரை என்ற பெண்மணியிடமிருந்து தொடங்கவேண்டும்.

இலண்டன் நியூகேட் சிறையிலே பெண் கைதிகள் குழந்தைகளோடு அடைபட்டுக் கிடந்த நிலையை 1813 இல் நேரிலே கண்டவர் அவர். பின்னர் அவர்களுக்கு எழுத்தும் தையலும் கற்பிக்க ஏற்பாடு செய்தார். அவரும் தோழியரும் அமைத்த சங்கம், அவுஸ்திரேலியாவுக்கு நாடுகடத்தப்பட்ட பெண்களுக்குக் கப்பலேறும்போது ஒரு பொதி கொடுத்தனுப்பும். அதிலே ஊசி, நூல், கத்தரிக்கோல் ஆகியவற்றோடு ஒட்டுத்துணித் துண்டுகளும் இருக்கும். மாதக்கணக்கான கடற்பயணத்திலே கைக்கு ஒரு வேலை. கரை சேர்ந்ததும் விற்கத்தக்க ஒரு பொருள் என்பது அவர்களின் எண்ணம்.

1841 ஏப்ரலிலே 180 பெண் கைதிகளுடன் 'ராஜா' என்ற கப்பல் இங்கிலாந்திலிருந்து புறப்பட்டது. யூலையிலே தஸ்மேனியத் தீவின் ஹோபாட் துறையை அடைந்தது. அதற்கிடையிலே அந்தப் பெண்களுட் சிலர் 2,800 இற்கும் மேற்பட்ட துணித்துண்டுகளை இணைத்து, ஓர் அறையின் தரையை மூடத்தக்க அளவிலே போர்வை ஒன்றைத் தைத்து முடித்தனர். விற்றிருந்தால் கையிலே நாலு காசு கிடைத்திருக்கும். அவர்கள் அதை விற்கவில்லை. தங்களுக்குத் துணி கொடுத்தனுப்பிய இலண்டன் பெண்களுக்கு நன்றி தெரிவிக்கும் வாசகம் ஒன்றை அதிலே நூலால் எழுதி, அன்பளிப்பாக்கினார்கள். திருட்டுக் குற்றத்துக்காக நாடுகடத்தப்பட்டவர்களே அவர்களில் மிகப்பெரும்பாலோர். பிறர் பொருளை எடுத்தவர்கள் என்று தீர்ப்பளிக்கப்பட்டவர்கள், தமது கையால் ஆக்கிய பெரும்பொருளைப் பிறருக்குக் கொடுத்தார்கள். பல்லாண்டுகள் மறைந்து கிடந்த அந்தப் போர்வை ஸ்கொட்லாந்திலே கண்டெடுக்கப்பட்டு, இப்பொழுது கன்பராவிலுள்ள அவுஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது.

இதற்கு நூற்றொரு ஆண்டுகள் கழிந்த பின்னர் நடந்ததே சாங்கிச் சிறையின் கதை.

1942 பெப்ரவரி 15 ஆம் திகதி சிங்கப்பூர் யப்பானியரிடம் வீழ்ந்தது. அந்த நாட்கள் எமது நாட்டுக்கும் அந்நியமானவை அல்ல. ஏப்ரல் 5 ஆம் திகதி கொழும்பிலும் 9 ஆம் திகதி திருகோணமலையிலும் யப்பானிய விமானங்கள் குண்டு வீசின. புகையிரதப் பகுதியிலும் கந்தோர்களிலும் உத்தியோகம் பார்க்க மலாயாவுக்குச் சென்றிருந்த யாழ்ப்பாணத்தவர் பலர். அவர்களிடமிருந்து கடிதமும் காசும் வருவது நின்றுபோன காலம் அது. கடல் கடந்து போனவர் இருக்கிறாரா இல்லையா என்று தெரியாமல் வாசலைப் பார்த்துக் கொண்டிருப்பது என்னவென்று அன்று இங்கே பல வீடுகள் அறிந்திருந்தன.

அதே துயரம் சிங்கப்பூரிலே ஒரே மதிலுக்குள் நடந்தது. பிரித்தானியர், அவுஸ்திரேலியர் முதலிய 'எதிரி நாட்டு'க் குடிமக்களை யப்பானியர் 1942 மார்ச்சிலே சாங்கிச் சிறைக்கு நடத்திச் சென்றனர். 600 கைதிகளுக்கென்று 1936 இல் கட்டி முடிக்கப்பட்ட சிறை அது. அதற்குள்ளே 2,000 இற்கும் மேற்பட்ட ஆண்கள் ஒரு பக்கத்திலும், 400 வரையிலான பெண்களும் பிள்ளைகளும் மறு பக்கத்திலும் அடைக்கப்பட்டனர். இரு பக்கத்தாரும் பேசிக்கொள்ளக் கூடாது. போரிலே பிடிபட்ட இராணுவத்தினரோ சற்றுத் தொலைவிலுள்ள படைமுகாம்களிலே இருந்தனர். கணவன் உயிரோடு இருக்கிறானா என்று மனைவிக்குத் தெரியாது. மனைவியும் பிள்ளையும் தப்பினார்களா என்று கணவனுக்குத் தெரியாது.

இந்தப் பெண்களுக்கிடையே எதல் மல்வேனி என்றொரு கனடா நாட்டுப் பெண் இருந்தார். முகாமிலே செஞ்சிலுவைச் சங்கத்தின் பிரதிநிதியாக இயங்கியவர். காயமுற்ற படைவீரர் கிடக்கும் வைத்தியசாலைக்குப் போர்வை தைத்துக் கொடுக்கலாம் என்ற யோசனையை முன்வைத்தவர் அவர். அதற்கு ஒரு முன்மாதிரியும் முகாமிலேயே இருந்தது. சாரணியச் சிறுமிகள் சிலர் தமது தலைவியின் பிறந்தநாளுக்கென்று, கிடைத்த துணித் துண்டுகளை அறுகோணமாக வெட்டி, இரகசியமாக ஒரு சிறு போர்வை தைத்துக் கொண்டிருந்தனர். பெரியவர்கள் சிறுவர்களைப் பார்த்துக் கற்றுக்கொண்ட பாடம் அது.

பங்குபற்ற விரும்பிய ஒவ்வொரு பெண்ணுக்கும் ஆறு அங்குலச் சதுர வெள்ளைத் துணி ஒன்று கொடுக்கப்பட்டது. உங்களில் ஏதோ ஒன்றை இதற்குள் வைத்துத் தாருங்கள் என்பதே அவர்களுக்குச் சொல்லப்பட்டது. அதன் கீழே தமது பெயரையும் நூலால் எழுதவேண்டும். வேறு நிபந்தனை இல்லை.

ஒருத்தி பூவைத் தைத்தாள். ஒருத்தி கப்பலைத் தைத்தாள். தான் அடைபட்டுக் கிடந்த வெறுமையான சிறை அறையைத் தைத்து, அதற்கு 'சாங்கி விடுமுறை இல்லம்' என்று பெயரிட்டாள் மற்றொருத்தி. அந்தக் கேலிக்குள்ளே எத்தனை அழுகை இருந்திருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை. மலாயாவில் பிறந்த ஷீலா அலன் என்ற பதினேழு வயதுப் பெண், தந்தையின் நாடாகிய அவுஸ்திரேலியாவின் வரைபடத்தைத் தைத்து அதற்குள் ஒரு கங்காருவை வைத்தாள். ஆண்கள் பகுதியில் அடைபட்டிருந்த அவளுடைய தந்தை விடுதலைக்குச் சில மாதங்களுக்கு முன்னர் இறந்து போனார். அவள் ஒளித்து எழுதி வந்த நாட்குறிப்பு பின்னாளில் நூலாக வெளிவந்தது.

ஒவ்வொரு போர்வைக்கும் 66 சதுரங்கள். அப்படி மூன்று போர்வைகள். ஒன்று பிரித்தானியக் காயக்காரருக்கு, ஒன்று அவுஸ்திரேலியக் காயக்காரருக்கு. மூன்றாவது யாருக்கு என்று நினைக்கிறீர்கள்? காயமுற்ற யப்பானியப் படைவீரருக்கு.

இந்த மூன்றாவது போர்வையைப் பற்றிச் சிந்திக்காமல் அப்பாற் போக முடியாது. இது ஒரு தந்திரம் என்பார்கள். அது பொய்யன்று. யப்பானிய வீரருக்கும் ஒன்று தைக்கிறோம் என்று சொன்னால்தான் மற்ற இரண்டையும் வெளியே கொண்டுபோகச் சிறை அதிகாரி இசைவார். பெயர்கள் பொறித்த அந்த இரண்டு போர்வைகள்தாம் அவர்களுடைய கடிதம். கடிதம் எழுதத் தடையுள்ள இடத்திலே, காவலாளியின் கண்முன்னாலேயே, எங்கள் பெயர் இது, நாங்கள் உயிரோடு இருக்கிறோம் என்று எழுதி அனுப்பும் வழி அது. வைத்தியசாலையிலே போர்வையை விரித்தபோது படைவீரர் தேடியது பூவையும் கப்பலையும் அல்ல, பெயர்களையே. அங்கே தனது மனைவியின் பெயரைக் கண்டவனுக்கு அது ஆறு அங்குலத் துணி அல்ல.

ஆனால் தந்திரம் என்று சொல்லிவிட்டால் எல்லாம் முடிந்துவிடுமா? போர்வைகளின் பின்புறத்திலே ஒரு வாசகம் தைக்கப்பட்டிருக்கிறது. காயமுற்ற அவுஸ்திரேலிய வீரருக்கு, உங்கள் துன்பத்துக்கு எங்கள் அனுதாபத்தோடு, சாங்கி முகாமின் பெண்கள் அளிப்பது என்பது அதன் கருத்து. யப்பானியருக்குரிய போர்வையின் பின்புறத்திலும் ஏறத்தாழ அதே சொற்கள்தாம். நாட்டின் பெயர் மட்டுமே வேறு. ஆண்டு, யப்பானியக் கணக்கின்படி 2602 என்று குறிக்கப்பட்டுள்ளது. சதுரங்களிலே வேறுபாடு உண்டு. மற்றவற்றிலே காணும் கேலியும் ஏக்கமும் இதிலே குறைவு. பூக்களும் அடக்கமான கோலங்களுமே மிகுதி. தம்மைச் சிறைவைத்தவர்களிடம் மனத்தைத் திறந்து காட்ட யார்தான் விரும்புவார்? ஆயினும் தையல் குறையவில்லை. 66 சதுரங்களும் அதே கவனத்தோடு தைக்கப்பட்டுள்ளன.

தைத்துப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். பூத்தையல் ஒன்றைத் தைப்பதற்குப் பல மணி நேரம் ஆகும். நூலைக் கோக்க வேண்டும், பிழைத்ததைப் பிரிக்க வேண்டும், மறுபடி தைக்க வேண்டும். அவ்வளவு நேரமும் அந்தப் பெண்ணின் மனத்திலே காயம்பட்டுக் கிடக்கும் யாரோ ஓர் இளைஞன் இருந்தே இருப்பான். அவன் யாருடைய பிள்ளை என்ற எண்ணம் வராமல் இருந்திருக்குமா? தந்திரமாகத் தொடங்கியது ஊசி ஏறி இறங்க ஏறி இறங்க வேறொன்றாக ஆகியிருக்கக் கூடும். வள்ளுவர் 'இன்னா செய்யாமை' என்று ஓர் அதிகாரமே வகுத்தார். தீங்கு செய்தவருக்கும் நன்மை செய்தல் என்பது வகுப்பறையிலே சொல்வதற்கு எளிது. சாங்கிப் பெண்கள் அதை மனமொப்பிச் செய்தார்களா, வேறு வழியின்றிச் செய்தார்களா என்று தீர்ப்புச் சொல்ல எமக்கு என்ன உரிமை? இரண்டும் ஒரே நூலில் கோக்கப்பட்டிருந்தன என்பதே எனது எண்ணம். மனிதர் செய்யும் அறம் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கிறது.

எதல் மல்வேனியைப் பற்றி இன்னுமொரு செய்தி. முகாமிலே பட்டினி கூடிய காலத்தில், பெண்கள் தமது வீட்டுச் சமையலைப் பற்றிப் பேசிப் பேசியே பசியை ஆற்றிக்கொண்டனர். அந்தச் சமையற் குறிப்புகளை அவர் எழுதி வைத்தார். போர் முடிந்து கனடாவுக்குத் திரும்பியதும் அவற்றைப் புத்தகமாக அச்சிட்டு விற்று, அந்தப் பணத்தை வைத்தியசாலைகளிலே கிடந்த முன்னாட் போர்க்கைதிகளுக்கு உதவப் பயன்படுத்தினார். உண்ணக் கிடைக்காத உணவைக்கூட உதவியாக மாற்றிய கை அது.

போருக்குப் பின்னர் அவுஸ்திரேலியப் போர்வையும் யப்பானியப் போர்வையும் அவுஸ்திரேலிய இராணுவ வைத்தியர் ஒருவரின் பொறுப்பிலே இருந்தன. 1968 இல் அவை கன்பராவிலுள்ள போர் நினைவகத்துக்கு அன்பளிப்பாகக் கிடைத்தன. பிரித்தானியப் போர்வை இலண்டனிலே பிரித்தானியச் செஞ்சிலுவைச் சங்கத்திடம் உள்ளது. சிறுமிகளின் போர்வையும் இலண்டன் நூதனசாலை ஒன்றிலே இருக்கிறது. நண்பனுக்குத் தைத்ததும் பகைவனுக்குத் தைத்ததும் இன்று ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. 'ராஜா' கப்பலின் கைதிப் பெண்கள் தைத்த போர்வையும் அதே நகரிலேதான் இருக்கிறது.

மீண்டும் மணிமேகலைக்கு வருவோம். அமுதசுரபியிலே முதற் பிச்சை இட்டவள் யார் என்று நினைவிருக்கிறதா? ஆதிரை. கணவன் சாதுவன் கடலிலே மாண்டான் என்ற செய்தி கேட்டுத் தீயிலே இறங்கியவள். தீ அவளைச் சுடவில்லை. கணவனும் பின்னர் உயிரோடு திரும்பினான். பாத்திரத்தை முதலில் நிரப்புவதற்குச் சாத்தனார் அரசியையோ செல்வச் சீமாட்டியையோ தேடிப் போகவில்லை. காணாமற் போனவனுக்காக வெந்த ஒரு பெண்ணின் கையையே தேர்ந்தெடுத்தார். இக்காதையைப் பல ஆண்டுகளாகக் கற்பித்து வருகிறேன். சாங்கிப் போர்வைகளைப் பற்றி அறிந்த பிறகே சாத்தனாரின் அந்தத் தேர்வு எனக்கு முழுதாக விளங்கியது.

எமது மண்ணிலும் ஆதிரைகள் உளர். காணாமற் போன உறவுகளின் படங்களை ஏந்தியபடி தெருவோரத்திலே ஆண்டுக்கணக்காக இருந்த தாய்மாரையும் மனைவியரையும் நாம் அறிவோம். 2009 இல் போர் முடிந்த பின்னர், குடும்பத்தைத் தனித்துத் தாங்கும் பெண்களுக்குத் தையல் இயந்திரம் வழங்கும் வைபவங்கள் ஊர்தோறும் நடந்தன. நல்ல காரியம்; குறை சொல்லமாட்டேன். பல வீடுகளிலே அடுப்பு எரிவது அந்த இயந்திரத்தால்தான். ஆனால் அவ்வைபவங்களின் படங்களைப் பத்திரிகையிலே பார்க்கும்போது ஒன்று உறுத்துகிறது. மேடையிலே நிற்கும் பெரியவர் கொடுப்பவர். அந்தப் பெண் என்றைக்கும் வாங்குபவள். அவளுடைய பெயர்கூடப் படத்தின் கீழே இருப்பதில்லை. 'பயனாளி' என்று இருக்கும்.

நீ யாருக்காவது எதையாவது தைத்துக் கொடுக்க விரும்புகிறாயா என்று அவளிடம் ஒருநாளாவது யாரேனும் கேட்டோமா? கேட்டால் அவள் என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியாது. வைத்தியசாலையிலே பிறக்கும் பிள்ளைகளுக்கு ஒரு துணி என்பாள். முதியோர் இல்லத்துக்கு ஒரு போர்வை என்பாள். மொழி தெரியாத வேற்றூர்த் தாய் ஒருத்திக்கு என்றுகூடச் சொல்வாள். அவ்வாறு அவள் தைத்துக் கொடுக்கும்போது, சாங்கியிலே செய்தது போல, ஓர் ஓரத்திலே அவளுடைய பெயரையும் தைக்கச் சொல்லவேண்டும். உதவி பெறுபவள் என்ற நிலையிலிருந்து உதவுபவள் என்ற நிலைக்கு ஏற அவளுக்கு அந்த ஆறு அங்குலத் துணி போதும்.

அடுத்த தவணையிலே வகுப்பில் 'தையல்' என்ற சொல் வரும். பின்வாங்கு மாணவன் வழக்கம்போலச் சிரிப்பான். இனி அவனுக்கு அகராதிப் பொருளோடு இந்தக் கதையையும் சொல்வதாக இருக்கிறேன்.